ஒற்றைக் காரணத்திலிருந்து முழு உடலுக்கு: ஆஸ்டியோபதிக் கோட்பாட்டின் மாற்றம்

நவீன மருத்துவம் உறுப்பைப் பார்க்கிறது, ஆஸ்டியோபதி முழு மனிதரைப் பார்க்கிறது என்ற கூற்று அம்மருத்துவத்தின் அறிமுக நூல்களில் அடிக்கடி இடம்பெறுகிறது. அதன் வரலாறோ இக்கூற்றை அப்படியே ஏற்க இடம் தரவில்லை. நிறுவனரான ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் முன்வைத்தது ஓர் ஒற்றைக் காரணக் கோட்பாடு. அந்த ஒற்றைக் காரணத்தின் பிடி தளர்ந்த பிறகே ஆஸ்டியோபதிக்கு முழுமைப் பார்வை கைவந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1828இல் வர்ஜீனியாவில் பிறந்த ஸ்டில், கான்சாஸ் குடியேற்றப் பகுதியில் மருத்துவம் பார்த்தவர். 1864இல் மூளைக்காய்ச்சல் அவருடைய மூன்று குழந்தைகளைப் பறித்துக்கொண்டது. பாதரசம் கலந்த கலோமல், அபினி, இரத்தம் வடித்தல் ஆகியவையே அன்றைய மருத்துவரின் முதன்மைக் கருவிகள். அவற்றின்மீது அவர் நம்பிக்கை இழந்ததை மனம் உடைந்த ஒரு தந்தையின் சினம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அம்மருந்துகளில் பல நோயாளிக்கு உண்மையாகவே தீங்கு செய்தன. அவற்றைக் கொடுக்காமல் இருந்ததே பலருக்கு நன்மையாய் முடிந்திருக்கும். ஆஸ்டியோபதியின் தொடக்கப் புகழில் இதற்கும் பங்குண்டு என்று கருதுகிறேன்.

1874இல் அவர் தம் கொள்கையை அறிவித்தார். எலும்புகள், சிறப்பாக முதுகெலும்புகள், இடம் பிசகினால் இரத்த ஓட்டமும் நரம்பின் செயலும் தடைபடும். நோய் அத்தடையிலிருந்து பிறக்கிறது. கையால் அதைச் சரிசெய்தால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும். தொற்றுநோய்களுக்கும் இதே விளக்கத்தைத்தான் அவர் தந்தார். மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் 1892இல் அவருடைய பள்ளி திறக்கப்பட்டபோது, ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. உடலின் எல்லா நோய்க்கும் ஒரே வாசலைக் காட்டும் கோட்பாட்டை முழு உடல் நோக்கு என்பது பொருந்தாது. உடல் முழுவதும் அதன் ஆட்சிக்குள் வருகிறது என்பது மெய். ஆனால் அந்த ஆட்சி முதுகெலும்பிலிருந்து நடக்கிறது.

மாற்றம் மெல்ல வந்தது. அமெரிக்க மருத்துவக் கல்வியை ஆராய்ந்த 1910ஆம் ஆண்டின் ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை ஆஸ்டியோபதிப் பள்ளிகளையும் கடுமையாகச் சாடியது. அடுத்த பதிற்றாண்டுகளில் ஆய்வகப் பயிற்சி, அறுவை மருத்துவம், மருந்தியல் ஆகியவை பாடத்திட்டத்தில் இடம்பிடித்தன. 1953இல் கிர்க்ஸ்வில்லில் வகுக்கப்பட்ட கொள்கைகள் இவை: உடல் ஓர் ஒருமை, அதற்குத் தன்னைத் தானே ஒழுங்குபடுத்தும் ஆற்றல் உண்டு, அமைப்பும் செயலும் ஒன்றையொன்று சார்ந்தவை, சிகிச்சை இம்மூன்றின்மீதும் நிற்க வேண்டும். இங்கே முதுகெலும்புக்குத் தனியிடம் இல்லை. அதனாலேயே தேர்ந்த உடலியல் அறிஞர் எவரும் இவற்றை மறுக்க மாட்டார். தனித்தன்மையை நிலைநாட்ட எழுதப்பட்ட கொள்கைகள், பொது மருத்துவத்துக்கும் உரியவை ஆகிவிட்டன.

நிறுவன வரலாறும் அதே திசையில் சென்றது. 1962இல் கலிஃபோர்னியாவில் சுமார் 2,000 ஆஸ்டியோபதி மருத்துவர்கள் 65 டாலர் கட்டணம் செலுத்திப் பொது மருத்துவப் பட்டத்துக்கு மாறினர். 1966இல் அமெரிக்க ராணுவம் ஆஸ்டியோபதிப் பட்டம் பெற்றோரை மருத்துவர்களாகச் சேர்க்க முன்வந்தது. 1973இல் மிசிசிப்பியும் இசைந்ததோடு ஐம்பது மாநிலங்களிலும் முழு மருத்துவ உரிமை கிடைத்தது. 1998இல் அமெரிக்க ஆஸ்டியோபதி மருத்துவர்களிடையே நடந்த கணக்கெடுப்பில், பாதிக்கும் மேற்பட்டோர் தம் நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே கைமுறைச் சிகிச்சை தந்தது தெரியவந்தது. பிரிட்டனின் நிலை வேறு. அங்கே 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஆஸ்டியோபதியை முறைப்படுத்தியது. ஆனால் அங்குள்ள ஆஸ்டியோபதியர் பொது மருத்துவர் அல்லர், பெரும்பாலும் கைமுறைச் சிகிச்சையே செய்பவர். ஒரே பெயர் இரு நாடுகளில் இரு தொழில்களைக் குறிப்பதை மறந்துவிட்டு எழுதப்படும் ஒப்பீடுகள் பயன்படா.

அப்படியானால் கைமுறைச் சிகிச்சையின் மதிப்பு என்ன? சான்று ஓரளவேனும் திரண்டிருப்பது இடுப்பு வலியில்தான். 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 155 நோயாளிகளின் முடிவுகளை ஒப்பிட்டது. கைமுறைச் சிகிச்சை பெற்றோரும் வழக்கமான சிகிச்சை பெற்றோரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். முன்னவர்க்கு மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. வலிமாத்திரைகள் செய்யும் கேட்டை அறிந்தவர்க்கு இது சிறு செய்தியன்று. ஆனால் 400 பேரைக் கொண்ட 2021ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆய்வு, போலிச் சிகிச்சையோடு ஒப்பிடுகையில் கிடைத்த கூடுதல் பயன் மிகச் சிறிது என்றும், நோயாளியின் அன்றாட வாழ்வில் அது பொருட்படுத்தத் தக்கதா என்பது ஐயமே என்றும் கண்டது. இவ்விரண்டும் முரண்படுகின்றன என்று நான் கருதவில்லை. முதலாவது ஆய்வில் கையின் நுட்பத்தோடு, மருத்துவர் செலவிட்ட நேரமும் கவனமும் தொடுதலும் சேர்ந்தே அளக்கப்பட்டன. இரண்டாவதில் இரு தரப்பினரும் தொடப்பட்டனர். நுட்பம் மட்டுமே தனியே பிரித்துச் சோதிக்கப்பட்டது.

வில்லியம் கார்னர் சதர்லாந்து உருவாக்கிய மண்டையோட்டு ஆஸ்டியோபதிக்கு இந்த அளவு ஆதரவும் இல்லை. வளர்ந்தோரின் மண்டை எலும்புகள் கையால் உணரத்தக்க தாளத்தில் அசைகின்றன என்கிறது அது. அந்தத் தாளத்தை ஒரே நோயாளியிடம் அளந்த இரு வல்லுநர்களின் கணக்குகள் ஒத்துப்போவதில்லை. முழுமையின் பெயரால் இதைக் காப்பது, ஸ்டிலின் ஒற்றை வாசலை முதுகிலிருந்து மண்டைக்கு மாற்றி வைப்பதே ஆகும்.

ஆகவே, இடுப்பு வலிக்கான கைமுறைச் சிகிச்சையை அதன் சான்று அனுமதிக்கும் எல்லைக்குள் கற்பிக்கலாம். மண்டையோட்டு முறையைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்க வேண்டும். நோயாளியைத் தொட்டு, கேட்டு, நேரம் ஒதுக்கிப் பரிசோதிக்கும் பழக்கத்தையோ ஆஸ்டியோபதிக்கு மட்டும் விட்டுவிடாமல் எல்லா மருத்துவக் கல்லூரிகளும் மேற்கொள்ள வேண்டும்.