விடுப்புக் கடிதம்

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் காலமானார். விடியற்காலையில் தெருப் பையன்களை எழுப்பி ஓடப் பழக்கியவர். அவரிடம் பழகிய ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. சுடுகாடு வரை கூடவே நடந்தான். மறுநாள் காலை, விடுப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தான்.

"காய்ச்சல்னு எழுதிடுங்க தாத்தா. அம்மா அப்படித்தான் சொன்னாங்க."

முப்பது வருஷத்துக்கு மேல் கடிதம் எழுதியே சம்பளம் வாங்கியவன் நான். அன்று பேனா ஓடவில்லை.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். நவம்பர் 11 எங்களுக்கு விடுமுறை. ஆனால் வீட்டில் தூங்குகிற விடுமுறை அல்ல. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்தின் முன் வரிசையாக நிற்க வேண்டும். முதல் உலகப் போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938இல் திறக்கப்பட்டது அது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை அங்கே 'சொல்தா' என்போம். அந்தச் சொல்தாக்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, முழங்கால் நடுங்கினாலும் நிமிர்ந்து நிற்பார்கள். எங்கள் கண் என்னவோ கடல் பக்கம்தான் இருக்கும்.

அந்த விடுமுறைக்குப் பின்னால் ஒரு சண்டை இருந்தது என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். 1918 நவம்பர் 11 அன்று போர் ஓய்ந்தது. 1921இல் பிரெஞ்சு நாடாளுமன்றம், ஒரு வேலை நாள் வீணாகிறதே என்று கணக்குப் பார்த்து, விழாவை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டது. முன்னாள் வீரர்கள் கொதித்துப்போய் விழாவையே புறக்கணித்தார்கள். கடைசியில் 1922 அக்டோபர் 24 அன்று, நவம்பர் 11ஆம் தேதியே விடுமுறை என்று சட்டம் வந்தது. அமெரிக்கர்களும் இதே தப்பைச் செய்தார்கள். நீண்ட வார விடுமுறை கிடைக்கட்டும் என்று, 1971 முதல் முன்னாள் வீரர் நாளை அக்டோபர் மாதத் திங்கட்கிழமை ஒன்றுக்கு மாற்றினார்கள். எதிர்ப்புத் தாங்காமல் 1978இல் பழைய தேதிக்கே திரும்பினார்கள். அப்பாவின் திதியை வசதிக்காக ஞாயிற்றுக்கிழமைக்கு யாராவது மாற்றுவார்களா? நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

அதே அமெரிக்காவில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. இறந்த வீரரின் சவ அடக்கத்தில் 'டாப்ஸ்' என்று 24 சுரங்களில் ஒரு சிறு ஊதல் இசைப்பார்கள். அதை ஊதப் போகும் பள்ளி மாணவனுக்கு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, அன்றைக்குப் பள்ளி நிர்வாகம் விடுப்புத் தரலாம் என்று டெக்சாஸ் மாநிலக் கல்விச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரு பையன், ஒரு சாவு, ஒரு நாள் என்று அளந்து கொடுத்த விடுப்பு. ஊருக்கே விடுமுறை விடுவதைவிட இது பொருத்தம் என்பது என் கட்சி.

நம் நாட்டில் 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைக்கும் மூன்று நிறம். விடுமுறை கிடையாது, உண்டியல் உண்டு. நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கும் வசூல் இலக்கு வரும், ரசீது போட்டே விரல் ஓய்ந்துபோகும். போரில் கணவனை இழந்தவர்களுக்கும் ஊனமுற்ற வீரர்களுக்கும் போகிற பணம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சட்டையில் கொடி குத்திய பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பட்டாளத்துக்காரரோடு உட்கார்ந்து பேசியிருப்பார்கள்?

நம் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து, மலேயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர் மலேயா கணபதி. பின்னர் தொழிற்சங்கத் தலைவரானார். 1949 மே 4 அன்று கோலாலம்பூரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். மே மாதம் கோடை விடுமுறை. அவருக்காக விடுப்புக் கேட்கும் தொல்லையே பள்ளிக்கூடங்களுக்கு இல்லை.

பையன் காத்துக்கொண்டிருந்தான். "எனக்கு ஓடக் கற்றுக்கொடுத்த முன்னாள் ராணுவ வீரரின் இறுதி ஊர்வலத்தில் கலந்துகொண்டதால் நேற்று பள்ளிக்கு வர இயலவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அவன் அம்மாவும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் கடிதத்தோடு திரும்பி வந்தான். "சொந்தக்காரரா" என்று கேட்டார்களாம். "இல்லை" என்றானாம். ஆப்சென்ட்தான்.

"காய்ச்சல்னே எழுதியிருக்கலாம் தாத்தா" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நின்று, "பரவால்ல" என்றான். கடிதம் என்னிடம்தான் இருக்கிறது.