விட்ஃபீல்டும் வெஸ்லியும்: பிரிஸ்டலில் கைமாறிய ஊழியம்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய மெதடிஸ்ட் எழுச்சியின் தலைவராக ஜான் வெஸ்லி (1703–1791) அறியப்படுகிறார். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் பிள்ளைகளுக்கு வெஸ்லி என்று பெயரிடுவதுண்டு. அவரைத் திறந்தவெளிப் பிரசங்கத்திற்கு அழைத்து வந்த ஜார்ஜ் விட்ஃபீல்டின் (1714–1770) பெயர் தமிழரிடையே அவ்வளவாகப் புழங்கவில்லை. (பெங்களூரின் வைட்ஃபீல்டு பகுதிக்கும் இவருக்கும் தொடர்பில்லை.)

விட்ஃபீல்ட் குளோஸ்டர் நகரில் ஒரு சத்திரத்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் வசதியுள்ள மாணவர்களுக்குப் பணிவிடை செய்து, அதன் மூலம் கட்டணச் சலுகை பெற்றுப் படித்தார். வெஸ்லி அப்போது அங்கே கல்லூரி ஆசிரியர். விட்ஃபீல்ட் சேர்ந்த ஜெபக் குழுவுக்கும் அவரே தலைவர்.

1739 பிப்ரவரியில், பிரிஸ்டலை அடுத்த கிங்ஸ்வுட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே விட்ஃபீல்ட் திறந்தவெளியில் பிரசங்கித்தார். சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். அவருக்கு வயது 24தான். புகழ் ஏறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், இந்தப் பணியை ஏற்று நடத்த வருமாறு வெஸ்லிக்கு எழுதினார். ஆலயத்துக்கு வெளியே பிரசங்கிப்பது முறையல்ல என்று எண்ணியிருந்த வெஸ்லி மிகவும் தயங்கினார். லண்டன் நண்பர்கள் சீட்டுப் போட்டுப் பார்த்த பிறகே புறப்பட்டார். ஏப்ரல் 2 அன்று அவர் ஏறத்தாழ 3,000 பேருக்குப் பிரசங்கித்தார். அதே நாளில் விட்ஃபீல்ட், சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அடிக்கல் நாட்டிவிட்டு ஊரைவிட்டுப் போனார். அந்தப் பள்ளியை வளர்த்தவர் வெஸ்லி.

ஜூலையில் திரும்பி வந்த விட்ஃபீல்ட், தாம் விட்டுச் சென்றதைவிட மக்கள் ஆழ்ந்த உணர்வுடன் கேட்கிறார்கள் என்று கண்டார். வெஸ்லியின் ஊழியத்திற்காகப் பிரிஸ்டல் நகரம் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதினார். கூட்டத்தைத் திரட்டியவரே இப்படி எழுதியதுதான் குறிப்பிடத்தக்கது.

இந்த உறவு சிக்கலில்லாமல் போகவில்லை. மீட்புக்குரியவர்களைக் கடவுள் முன்னரே தெரிந்துகொண்டாரா என்ற கேள்வியில் இருவரும் பிரிந்தனர். வெஸ்லி பிரசங்கம் அச்சிட்டார். விட்ஃபீல்ட் 1741இல் மறுப்பு வெளியிட்டார். இரு தரப்பிலும் கடுஞ்சொற்கள் வந்தன. நட்பு மட்டும் விரைவில் ஒட்டிக்கொண்டது. கருத்து வேறுபாடு கடைசிவரை இருந்தது. 1749 அளவில், தம் வழிநின்ற கால்வினிய மெதடிஸ்ட் சங்கங்களின் தலைமையை விட்ஃபீல்ட் விட்டுவிட்டார். தம் பெயரில் ஒரு சபை நிற்பதை அவர் விரும்பவில்லை. வெஸ்லியோ சங்கங்களை உறுதியாக ஒழுங்குபடுத்தினார். அவர் பெயர் நிலைத்ததற்கு அது முக்கியமான காரணம்.

விட்ஃபீல்டின் பணிவுக்கும் எல்லை இருந்தது. ஜார்ஜியாவில் தாம் நடத்திய அனாதை இல்லத்தில் அடிமைகளை வேலை வாங்கினார். அங்கு அடிமைமுறையை அனுமதிக்கவும் வாதாடினார். 1751இல் தடை நீங்கியது. வெஸ்லி 1774இல் அடிமைமுறையைக் கண்டித்து நூல் வெளியிட்டார். சக ஊழியரிடம் காட்டிய பெருந்தன்மை அடிமைகளிடம் எட்டவில்லை என்பதை மறைத்து இவர் வரலாற்றை எழுத முடியாது.

1770 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் நியூபரிபோர்ட்டில் விட்ஃபீல்ட் இறந்தார். வேறுபாடுகளுக்கு அப்பாலும் தொடர்ந்த ஒற்றுமையின் அடையாளமாக, வெஸ்லி சகோதரர் இருவருக்கும் ஆளுக்கொரு துக்க மோதிரம் தருமாறு உயில் எழுதியிருந்தார். நவம்பர் 18 அன்று லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர், விட்ஃபீல்டே கேட்டுக்கொண்டிருந்தபடி, ஜான் வெஸ்லி. பழைய சர்ச்சையை வெஸ்லி அதில் பேசாமல் விட்டார். விட்ஃபீல்டின் ஆதரவாளர் சிலர் அதையே குறையாகச் சொன்னார்கள்.