கோவிந்தாபுரம்: வீட்டுரிமையும் தீண்டாமை ஒழிப்புச் சட்டமும்

பாலக்காடு மாவட்டம் முதலமடை பஞ்சாயத்தில், பொள்ளாச்சி சாலையில் தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது கோவிந்தாபுரம். இங்குள்ள அம்பேத்கர் காலனியில் வாழும் சக்கிலியர் குடும்பங்கள், தண்ணீர்க் குழாயிலும் தேநீர்க் கடையிலும் தங்களை ஒதுக்குவதாக 2017 ஜூனில் எழுப்பிய புகார் கேரளம் முழுவதும் பேசப்பட்டது. வீடுகள் இடிந்து கிடந்தும் அரசு வீட்டுத் திட்டங்களில் தங்களைப் புறக்கணிக்கிறார்கள் என்பதும் அப்போதே அவர்கள் சொன்ன குறை. பிறகு நிலமும் வீடும் கேட்டுப் பஞ்சாயத்து அலுவலகத்தின் முன் அமரவும் நேர்ந்தது.

இந்த மாவட்டத்தில் இத்தகைய ஒதுக்கல் பழையது. பொதுத் தெருவிலும் கிணற்றிலும் எவரையும் தடுக்கலாகாது என்று ரெட்டமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் 1924இல், பாலக்காடும் அடங்கியிருந்த சென்னை மாகாணத்தின் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரில், தேர்த் திருவிழாவின்போது பாலக்காட்டின் கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் நுழைந்த ஈழவர்கள் தாக்கப்பட்டனர்.

அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதை நடைமுறைப்படுத்த வந்த 1955ஆம் ஆண்டுச் சட்டம், 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப்படுகிறது. எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமையைக் காட்டித் தடுப்பது இதன்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால் தடுத்ததற்குத் தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும். அல்ல என்று காட்டுவது எதிரியின் பொறுப்பு. இவ்வளவு வலுவான விதி இருந்தும் கிடைக்கும் தண்டனை ஒன்று முதல் ஆறு மாதச் சிறை, 100 முதல் 500 ரூபாய் அபராதம். வீடு மறுக்கப்பட்டவருக்கு அந்த வீடு கிடைக்க இதில் வழியில்லை. பெரிய குறை இதுதான். மாறாக, 1968இல் அமெரிக்கா இயற்றிய நியாய வீட்டுவசதிச் சட்டம், மறுக்கப்பட்டவரே வழக்குத் தொடுத்து இழப்பீடு பெற இடம் தந்தது. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், வீட்டையோ ஊரையோ விட்டுத் துரத்துவதற்குக் கடுந்தண்டனை வைத்தது. அதுவும் தண்டிக்கும் சட்டம்தான்.

தனியார் வீட்டுவசதி விஷயத்தில் நீதிமன்றம் பின்வாங்கவும் செய்தது. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்ற அகமதாபாத் சங்கத்தின் விதியை உச்ச நீதிமன்றம் 2005இல் ஏற்றது. வாடகைக்கு வீடு கேட்பவரிடம் சாதி கேட்கும் எந்த ஊருக்கும் இது தவறான துணிவைத் தரும். வீட்டுவசதி உட்படப் பல துறைகளின் பாகுபாட்டுக்கு உரிமையியல் தீர்வு தரும் தனிநபர் மசோதாவைத் திருவனந்தபுரம் உறுப்பினர் சசி தரூர் 2017இல் மக்களவையில் அறிமுகப்படுத்தினார். கோவிந்தாபுரம் புகார் எழுந்ததும் அவ்வாண்டே. 2019இல் அவை கலைந்தபோது மசோதா காலாவதியானது.