நோயை எண்ணிச் சொல்லும் காகிதம்

பள்ளி ஆய்வகத்தில் லிட்மஸ் தாளை அமிலத்தில் நனைத்துப் பார்க்காதவர்கள் குறைவு. நீலத்தாள் சிவப்பானால் அமிலம், அவ்வளவுதான். அதே போல ஒரு தாள் நோயையும் கண்டுபிடித்துச் சொல்லுமா? இந்தக் கேள்வி புதிதல்ல.

1850-ல் மொமெனே என்ற பிரெஞ்சு வேதியியலாளர், கம்பளித் துணிப் பட்டையில் வெள்ளீயக் குளோரைடைத் தோய்த்து, சிறுநீரில் சர்க்கரை உள்ளதா என்று பார்த்தார். சர்க்கரை இருந்தால், சூடாக்கியதும் பட்டை கறுக்கும். 1956-ல் அமெரிக்காவின் மைல்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஃப்ரீ, ஹெலன் ஃப்ரீ தம்பதியரின் உழைப்பில் 'கிளினிஸ்டிக்ஸ்' வந்தது. நொதி தடவிய பட்டையை நனைத்தால் போதும், நிறம் மாறும். சூடாக்கும் வேலையும் இல்லை.

ஆனால் நிறத்துக்கு ஒரு குறை உண்டு. 'இருக்கிறது' என்று சொல்லும். 'எவ்வளவு' என்று சரியாகச் சொல்லாது. மங்கிய வெளிச்சத்தில் இருவர் பார்த்தால் இருவிதமாகச் சொல்வார்கள். மின்சாரம் அப்படியல்ல, எண்ணாகவே சொல்லிவிடும். 1962-ல் லேலண்ட் கிளார்க் நொதியை மின்முனையோடு சேர்க்கும் வழியை முன்வைத்தார். இன்றைய குளுக்கோமீட்டருக்கு மூலம் அதுதான். பேனா வடிவில் அது நோயாளியின் கைக்கு வந்தது 1987-ல்.

காகிதமும் மின்சாரமும் நெருங்கி வந்தது அதற்கும் பின்னால். 2007-ல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் காகிதத்துக்குள் நீர் புகாத சுவர்களை உருவாக்கி, நடுவே மெல்லிய வாய்க்கால்களை அமைத்தார்கள். மை உறிஞ்சும் தாளைப் போல காகிதமே திரவத்தை இழுத்துச் செல்வதால் பம்ப் தேவையில்லை. 2009-ல் தாய்லாந்தின் சூளலோங்கோர்ன் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அத்தகைய காகிதத்தில் மின்முனைகளை அச்சிட்டு குளுக்கோஸ், லாக்டேட், யூரிக் அமிலம் மூன்றையும் அளந்தன. தாள் மலிவாக இருந்து, படிக்கும் கருவி விலை அதிகமானால் என்ன பயன்? எனவே 2010-ல் வைட்சைட்ஸ் குழு, கடையில் கிடைக்கும் குளுக்கோமீட்டரையே கொண்டு காகிதத்தைப் படித்துக் காட்டியது.

தொற்றுநோய் என்று வரும்போதுதான் சிக்கல். இரத்தத்தில் சர்க்கரை தாராளமாக இருக்கிறது. கிருமியின் புரதமோ, அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளோ மிக மிகக் குறைவு. அதைப் பிடித்து, நொதி ஒட்டிய இன்னொரு எதிர்ப்பொருளால் அடையாளமிட்டு, ஒட்டாததைக் கழுவிவிட்ட பிறகே மின்னோட்டத்தை அளக்க முடியும். 2016-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்முறையில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி இரண்டுக்குமான எதிர்ப்பொருள்களைக் காகிதத்தில் கண்டறிந்தார்கள்.

கிராமத்திலிருந்து மைல் கணக்கில் நடந்து மருத்துவமனைக்கு வருபவரின் இரத்தம் நகரத்துக்குப் போய், முடிவு சில நாள் கழித்து வந்தால், அதைக் கேட்க அவர் திரும்பி வராமலே போகலாம். அவர் உட்கார்ந்திருக்கும்போதே விடை சொல்ல வேண்டும் என்பதுதான் இத்தனை ஆய்வுக்கும் காரணம். இத்தகைய சோதனைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலக்கணத்தில் 'மலிவு', 'விரைவு' என்பவற்றோடு 'கருவி வேண்டாம்' என்பதும் ஒன்று. மின்காகிதம் தடுக்கி விழுவது அங்கேதான். கொரோனா காலத்தில் வீடுகளுக்கு வந்த சோதனைப் பட்டையும் கண்ணால் பார்க்கும் கோடுகளையே நம்பியிருந்தது.

கிளார்க்கின் யோசனை நோயாளியின் கைக்கு வர 25 ஆண்டுகள் பிடித்தன. 2009-ல் மின்முனை அச்சான காகிதத்துக்கு அந்தக் கெடு இன்னும் முடியவில்லை.