எண்ணெய்த் தாங்கியும் வெளிநாட்டுக் கொள்கையும்: இலங்கையின் அனுபவம், 1961–1965

பெற்றோலியம் சருவதேச உறவுகளை எவ்வாறு பாதிக்கின்றது என ஆராய்வோர் பெரும்பாலும் எண்ணெய் விளையும் நாடுகளையும், அதனைப் பெருமளவில் நுகரும் வல்லரசுகளையுமே நோக்குவர். 1951இல் ஈரான், 1956இல் சுயஸ், 1973இல் அராபிய நாடுகளின் ஏற்றுமதித் தடை என்பன இத்துறை நூல்களில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுவன. தன் தேவைக்கான எண்ணெய் முழுவதையும் கடல் கடந்து பெறும் ஒரு சிறு நாட்டின் நிலை அத்துணை ஆராயப்படவில்லை. இவ்வகையில், 1961 முதல் 1965 வரை இலங்கை பெற்ற அனுபவம் தனிக்கவனத்திற்கு உரியதாகும்.

1960ஆம் ஆண்டளவில் இலங்கையின் எண்ணெய் வணிகம் மூன்று அந்நியக் கம்பனிகளின் கையில் இருந்தது. ஷெல் பிரித்தானிய–டச்சு நிறுவனம். கல்டெக்ஸும், பின்னர் எஸ்ஸோ எனப் பெயர்பெற்ற ஸ்ராண்டர்ட் வாக்குமும் அமெரிக்க நிறுவனங்கள். இறக்குமதி, களஞ்சியப்படுத்தல், விநியோகம், விலை ஆகிய யாவும் இவற்றின் பொறுப்பாகும். அக்காலத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெற்றோலியம் என்பது மண்ணெண்ணெயே என்பதை மறத்தலாகாது. கிராமத்து விளக்கும், யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் நீரிறைத்த இயந்திரங்களும் அதனையே நம்பியிருந்தன. எனவே எண்ணெய் விலை மோட்டார் வாகன உரிமையாளரின் பிரச்சினை மட்டுமன்று.

உலக எண்ணெய்ச் சந்தையும் அவ்வாண்டில் கொந்தளித்திருந்தது. சோவியத் ஒன்றியம் குறைந்த விலையில் எண்ணெயை விற்க முன்வந்தது. கியூபாவில் மேனாட்டுக் கம்பனிகள் சோவியத் மசகெண்ணெயைச் சுத்திகரிக்க மறுத்தமையால் சுத்திகரிப்பு நிலையங்கள் அரசுடைமையாயின. இந்தியாவிலும் கம்பனிகள் அவ்வாறே மறுத்தன. கம்பனிகள் 1960 ஆகஸ்டில் மத்திய கிழக்கு எண்ணெயின் அறிவிக்கப்பட்ட விலையைக் குறைத்தபோது, உற்பத்தி நாடுகள் அடுத்த மாதமே பக்தாத்தில் கூடி ஒபெக் அமைப்பை நிறுவின.

இலங்கையின் நிலை கியூபாவினதும் இந்தியாவினதும் நிலையினின்று ஒரு முக்கிய அமிசத்தில் வேறுபட்டது. இங்கு அப்போது சுத்திகரிப்பு நிலையமே இல்லை. சுத்திகரித்த எண்ணெயே வந்திறங்கியது. ஆதலின் மலிவான எண்ணெயை வேறிடத்தில் வாங்க விரும்பிய அரசுக்கு வேண்டியிருந்தவை துறைமுகக் குழாய்களும், தாங்கிகளும், நிரப்பு நிலையங்களுமே. அவையோ கம்பனிகளின் உடைமை. பிறநாட்டுடன் உடன்படிக்கை செய்ய இறைமையுள்ள அரசு, அவ்வுடன்படிக்கையால் வரும் எண்ணெயை ஊற்றிவைக்க இடமின்றி நின்றது எனலாம்.

சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசாங்கம் 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. வர்த்தக அமைச்சர் ரி. பி. இலங்கரத்தினா இம்முயற்சியில் முன்னின்றார். 1962இல் கம்பனிகளின் ஆதனங்களில் ஒரு பகுதி சுவீகரிக்கப்பட்டது. இதனைச் சோசலிசக் கோட்பாட்டின் விளைவாக மட்டும் காண்பது வழக்கு. அக்கருத்து முற்றாகப் பொருந்துவதாக இல்லை. அந்நியச் செலாவணி அருகிவந்த காலம் அது. தேயிலையையும் இறப்பரையும் வாங்கும் நாடுகளிடமிருந்தே குறைந்த விலைக்கு எண்ணெய் பெறலாம் என்பது கோட்பாட்டிலும் கணக்கையே பெரிதும் சார்ந்த முடிவு. 1952இல் சீனத்துடன் இறப்பர்–அரிசி உடன்படிக்கை செய்தது ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கமே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இதே வேளையில் வாஷிங்டனில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. 1962 பெப்ரவரியில் பிரேசிலின் மாநில ஆளுநர் ஒருவர் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனியொன்றின் ஆதனத்தைக் கைப்பற்றியதால் எழுந்த சினத்தில், செனட்டர் ஹிக்கன்லூப்பர் வெளிநாட்டு உதவிச் சட்டத்திற்கு ஒரு திருத்தம் கொணர்ந்தார். அமெரிக்கர் ஆதனத்தைச் சுவீகரித்து, ஆறு மாதத்துள் நட்டஈட்டுக்குத் தக்க நடவடிக்கை எடுக்காத நாட்டுக்கு உதவியை நிறுத்த வேண்டுமென அது விதித்தது. பிரேசிலை நோக்கி எய்யப்பட்ட அம்பு முதலில் தைத்தது இலங்கையை. 1963 பெப்ரவரியில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டது. இத்திருத்தத்தின்கீழ் முதன்முதல் தண்டிக்கப்பட்ட நாடு இலங்கையே.

நட்டஈடு வழங்குவதை இலங்கை மறுக்கவில்லை. சட்டத்திலேயே அதற்கு ஏற்பாடு இருந்தது. பிணக்கு மதிப்பீடு பற்றியது. கொள்விலையிலிருந்து தேய்மானங் கழித்த பெறுமதியை அரசு ஏற்றது. நடைபெறும் வணிகம் ஒன்றின் முழுப் பெறுமதியைக் கம்பனிகள் கோரின. உதவி நிறுத்தம் அரசைப் பணியவைக்கவில்லை. மாறாக, 1964 சனவரி முதலாந் திகதி தொடக்கம் எண்ணெய் இறக்குமதியும் விநியோகமும் கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையாயின. நிர்ப்பந்தத்தின் எதிர்விளைவுக்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது.

1965 மார்ச்சுத் தேர்தலின்பின் பதவியேற்ற டட்லி சேனநாயக்கா அரசாங்கம் சில மாதங்களிலேயே கம்பனிகளுடன் நட்டஈட்டு உடன்பாடு கண்டது; உதவியும் மீண்டது. எனினும் தாங்கிகள் கம்பனிகளுக்கு மீளவில்லை. அவ்வரசாங்கத்தின் காலத்திலேயே, 1969இல், சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. இரு பிரதான கட்சிகளும் மேடைகளில் எவ்வளவு முரண்பட்டாலும் இவ்விடயத்தில் ஒன்றையே விரும்பின எனக் கொள்ளல் தகும்.

ஆயினும் கூட்டுத்தாபனம் தந்த பாதுகாப்பு எல்லையுடையது. யாரிடம் வாங்குவது எனத் தெரிவுசெய்யும் உரிமையை அது தந்தது. உலக விலையைக் கட்டுப்படுத்தும் வலிமையைத் தரவில்லை. 1973 ஒக்டோபர் தொடங்கிச் சில மாதங்களுக்குள் மசகெண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோது இது வெளிப்பட்டது. சுத்திகரிப்பு நிலையமும் புதியதொரு தங்கியிருத்தலை உண்டாக்கியது. அது ஈரானிய மசகெண்ணெய்க்கு ஏற்ப அமைந்திருந்தமையால், 2012இல் ஈரான்மீதான அமெரிக்கத் தடைகள் இறுகியபோது, வாஷிங்டனின் தீர்மானம் மீண்டுமொரு முறை இலங்கையின் எண்ணெய் வரவைத் தாக்கியது. ஈரானுக்குரிய பழைய எண்ணெய்க் கடனைத் தேயிலையால் தீர்க்க 2021 டிசம்பரில் செய்யப்பட்ட ஏற்பாடு, 1960களின் கணக்கை நினைவூட்டுகின்றது.

தாங்கிகளின் முக்கியத்துவத்துக்குத் திருக்கோணமலை மற்றொரு சான்று. பிரித்தானியக் கடற்படைக்கென அமைக்கப்பட்ட எண்ணெய்த் தாங்கிகள், 1987 யூலை 29இல் இந்திய–இலங்கை உடன்படிக்கையுடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் இடம்பெற்றன. 2022 சனவரியில் எஞ்சியிருந்த 99 தாங்கிகளும் பங்கிடப்பட்டன: 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 கூட்டுத்தாபனத்துக்கும், 61 கூட்டு முயற்சிக்கும். அவ்வாண்டே அந்நியச் செலாவணி வற்றி நாடு எரிபொருளின்றி நின்றது. அதன்பின் சட்டம் திருத்தப்பட்டு, சில்லறை விநியோகம் அந்நிய நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டது. 2023இல் கைச்சாத்தான ஒப்பந்தங்களுள் ஒன்று சீனத்தின் சினோபெக் நிறுவனத்துடனானது. மற்றொன்று, ஷெல்லுடன் இணைந்து இயங்கும் அமெரிக்கக் கம்பனி ஒன்றுடனானது.