அவையோரும் தோழரும்: தமிழ் மேடையில் விளிச்சொற்களின் வரலாறு

மேடையேறிப் பேசுபவர் முதலில் சொல்வது கருத்தன்று, ஒரு விளி. கேட்போரை என்ன பெயரிட்டு அழைப்பது என்பதை அவர் அந்த முதற்சொல்லிலேயே தீர்மானித்துவிடுகிறார். பேச்சாளர் கேட்போரின் நெஞ்சைத் தொட்ட வரலாற்றை எழுத முற்படும்போது, நம் ஆய்வுகள் பெரும்பாலும் அடுக்குமொழி, எதுகை மோனை, குரல்வளம் ஆகியவற்றிலேயே நின்றுவிடுகின்றன. அவை எல்லாம் விளிக்குப் பின் வருபவை. முன்பின் அறியாத ஒரு கூட்டத்தைத் தமிழில் ஒருவர் எவ்வாறு அழைத்தார், அவ்வழைப்பில் யார் இடம்பெற்றனர், யார் விடுபட்டனர் என்பதே இக்கட்டுரையின் வினா.

இலக்கணத்தில் விளிக்குத் தனியிடம் உண்டு. தொல்காப்பியம் அதனை எட்டாம் வேற்றுமையாகக் கொண்டு, சொல்லதிகாரத்தில் விளிமரபு என ஓர் இயலையே வகுத்துள்ளது. ஆயின் அங்கு விளிக்கப்படுபவர் எதிரில் நிற்கும், அறியப்பட்ட ஒருவர் அல்லது சிலர். திருக்குறளின் அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய இரு அதிகாரங்களை மேடைப்பேச்சின் முன்னோடிக் கையேடாகக் காட்டும் வழக்கம் நம் கருத்தரங்குகளில் நிலைபெற்றுவிட்டது. இவ்வொப்பீடு பொருத்தமற்றது என்பது என் துணிபு. அவ்வதிகாரங்கள் அமைச்சியலில் வருபவை. அவை சொல்லும் அவை, கற்றவர் கூடிய மன்றம். பேசுபவன் அதன் தரமறிந்து தன் சொல்லை அளந்து வைக்க வேண்டும். நூல்களின் அவையடக்கமும் இம்மரபினதே. கடற்கரை மணலில் அமர்ந்திருக்கும் ஆயிரம் பேரில் எவரது தரத்தை அளப்பது?

அறியாத கூட்டத்தை நோக்கிய பேச்சு தமிழில் எப்போது தோன்றியது என்னும் வினாவை விரிவாக எழுப்பியவர் பெர்னார்ட் பேட். 2009இல் வெளிவந்த அவரது முதல் நூல் திராவிட இயக்க மேடைமொழியை ஆராய்ந்தது. அவர் மறைந்தபின் 2021இல் வெளிவந்த இரண்டாம் நூல், தமிழ்ச் சொற்பொழிவின் வேரைச் சீர்திருத்தக் கிறித்தவச் சமய உரையில் கண்டது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலாகப் பாதிரிமார் தெருவிலும் சந்தையிலும் எதிர்ப்பட்ட எவரிடமும் பேசினர். சாதியும் கல்வியும் கேட்டறியாமல் எல்லாரையும் ஒரே செய்திக்கு உரியவராகக் கொண்ட பேச்சு அது.

யாழ்ப்பாணத்தில் இது எதிர்வினையாக வடிவம் பெற்றது. நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுகம், வெசுலியன் பாடசாலையில் பயின்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். பாதிரியாரின் உரை எவ்வாறு அமைகிறது என்பதை அருகிருந்து கண்டவர். 1847 டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவரது முதற் சைவப் பிரசங்கம் நிகழ்ந்தது. கோயிலில் பேச்சு அதற்கு முன்பும் உண்டு. புராண படனத்தில் ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். ஆனால் அங்குப் பேச்சு நூலைச் சார்ந்தே நடக்கும். கேட்போர் நூலுக்குச் செவிகொடுப்பவர். பிரசங்கத்திலோ பேசுபவர் கேட்போரின் ஒழுக்கத்தை நோக்கி நேராகப் பேசினார். ஞாயிறு வெள்ளியாயிற்று, கிழமை தவறாத உரை கோயிலுக்குள் வந்தது. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு அளித்த நாவலர் என்னும் பட்டம் இப்புதிய ஆற்றலுக்கான ஏற்பு. எனினும் அவர் அழைத்த கூட்டம் சைவ சமயத்தார் என்னும் வரம்புக்கு உட்பட்டது. அந்த வரம்பினுள்ளும் சாதிப் படிநிலை கரையவில்லை. அழைப்பின் வடிவம் பொதுமையாயிற்று. அதன் எல்லை பொதுமையாகவில்லை.

அரசியல் மேடை இன்னும் பிந்தியே தமிழுக்கு வந்தது. 1884இல் சென்னை மகாஜன சபை நிறுவப்பட்டபோது அதன் நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன. இங்கு மகாஜனம் என்னும் சொல்லின் பயணம் கருதத்தக்கது. கல்வெட்டுகளில் அது பிரமதேயச் சபையினரைக் குறிக்கும். பின்னர் ஊர்ப் பெரியவர்களைக் குறித்தது. சபையின் பெயரில் கற்ற நகரத்தாரைக் குறித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பொதுமக்களுக்கு ஆகி வந்தது. 1907 மே மாதத்தில் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆற்றிய உரைகள் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. ஆயினும் அவை ஆங்கில உரைகளே. வந்திருந்தோரில் பலருக்குப் பேச்சு காதில் விழுந்தது, பொருள் விழுந்திராது.

தூத்துக்குடியில் 1908இன் தொடக்க மாதங்களில் நிகழ்ந்தது வேறு. வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் பேசினர். கேட்டவருள் கோரல் ஆலைத் தொழிலாளரும் இருந்தனர். பிப்ரவரி இறுதியில் ஆலையில் வேலைநிறுத்தம் எழுந்தது. மார்ச்சு முதல் வாரத்தில் நிருவாகம் இணங்கியது. மார்ச்சு 12இல் தலைவர்கள் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஆ.இரா. வேங்கடாசலபதி இவ்வெழுச்சியைப் பற்றிய தமது நூலில், அறியப்படாத எளிய மக்களின் பங்கை ஆவணங்களிலிருந்து மீட்டுள்ளார்.

மேடைப்பேச்சின் வரலாற்றுக்கு இவ்வழக்கு மற்றொரு வகையில் முதன்மையானது. நீதிபதி பின்கேயின் முன் நின்ற வினா, பேசுபவனுக்கும் கேட்பவனுக்கும் இடையிலான உறவு பற்றியது. பேச்சு கேட்போரிடத்து அரசின்மீது வெறுப்பை விளைத்ததா? 1908 ஜூலை 7இல் தீர்ப்பு ஆம் என்றது. சிவாவுக்குப் பத்தாண்டுத் தீவாந்தரம். தம் பேச்சுக்காகவும் சிவாவுக்கு உடந்தையாக இருந்தமைக்காகவும் சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள். மேல்முறையீட்டில் இவை குறைந்தன. ஆலைத் தொழிலாளிக்கு அரசியல் பேச்சு விளங்காது என்று ஆங்கில மேடையினர் எண்ணியிருந்த காலத்தில், அது நன்றாகவே விளங்கியது என்று சான்று பகர்ந்தது குடியேற்ற அரசின் நீதிமன்றம்.

ஆவணச் சிக்கலும் இங்கேயே தொடங்குகிறது. அவ்வுரைகள் நமக்குக் கிடைப்பது, கூட்டத்தில் நின்ற காவல்துறையினரின் குறிப்பு வழியாக, நீதிமன்றத்துக்கென ஆங்கிலமாக்கப்பட்ட வடிவில். குற்றத்துக்குச் சான்றாகும் வாக்கியமே குறிப்பெடுப்பவருக்கு வேண்டியது. விளியும், கேட்போரின் முழக்கமும், பேச்சை நிறுத்திய இடமும் அவருக்குத் தேவையற்றவை. எனவே சிவாவின் பேச்சுநடை இன்னதென்று அவ்வாவணங்களைக் கொண்டு வரையறுக்கும் ஆய்வுகளை ஐயத்துடனேயே அணுக வேண்டும். மொழிபெயர்ப்பில் எஞ்சியது கருத்து; நடை எஞ்சியதாகக் கொள்ள இயலாது.

1918 ஏப்ரல் 27இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் பிறப்பும் ஒரு சொற்பொழிவு மன்றத்தோடு இணைந்தது. பெரம்பூரில் இயங்கிய வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை வைணவச் சொற்பொழிவுகளுக்கானது. அதில் கேட்போராக வந்த ஆலைத் தொழிலாளரின் குறைகளைக் கேட்டறிந்த செல்வபதி செட்டியார், இராமாஞ்சுலு நாயுடு ஆகியோரே சங்கத்துக்கு அடிகோலினர். தலைமையேற்ற பி.பி. வாடியா பம்பாய்ப் பார்சி. அவரது ஆங்கில உரை தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. அம்மேடையில் திரு.வி.க.வுக்கு வாய்த்த இடம் பெரிது. இராயப்பேட்டை வெசுலி கல்லூரியின் தமிழாசிரியப் பணியை விட்டு வந்தவர் அவர். பக்திச் சொற்பொழிவின் சொற்களஞ்சியம் தொழிலுரிமைப் பேச்சுக்குக் கைமாறிய இடம் இதுவே எனலாம்.

விளிச்சொல்லை வெளிப்படையாகவே ஓர் அரசியற் சிக்கலாகக் கண்டவர் பெரியார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடுமாறு தீர்மானித்தது. பட்டத்தை நீக்கியபின் எழும் வெற்றிடத்தை எதனால் நிரப்புவது? சோவியத்து நாட்டையும் ஐரோப்பாவையும் கண்டு திரும்பியவுடன், 1932 நவம்பர் 13 நாளிட்ட குடி அரசு இதழில் அதற்கு விடையளித்தார்: ஸ்ரீ முதலான முன்னடைகளை விலக்கி, யாவரையும் தோழர் என்றே அழைக்க வேண்டும். தோழர் என்பது அர் ஈற்றுப் பலர்பாற் சொல், உயர்வு குறித்து ஒருவருக்கும் வரும், ஆண்பெண் பொது. வயது, சாதி, உறவு எதனையும் அது சுட்டுவதில்லை. தமிழ் மேடையில் இத்துணை வெறுமையான, அதனாலேயே இத்துணைச் சமமான விளி அதற்கு முன் இருந்ததில்லை.

1938 நவம்பர் 13இல் சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. பெரியார் அங்கு உரையாற்றினார். மறுநாளே பெண்கள் இந்தி எதிர்ப்பு மறியலில் இறங்கிச் சிறை புகுந்தனர். பெண்களைத் தூண்டினார் எனப் பெரியார்மீது வழக்கு எழுந்து, டிசம்பரில் அவரும் தண்டிக்கப்பட்டார். 1908இன் வினா முப்பதாண்டு கழித்து மீண்டது: பேச்சு செயலை விளைத்ததா? இவ்வழக்கின் தருக்கத்தில் ஒரு நகைமுரண் உண்டு. பேச்சாளரின் ஆற்றலை அது ஒப்புக்கொள்கிறது. கேட்ட பெண்கள் தாமே முடிவெடுத்திருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சாற்றலைப் புகழும் நம் நூல்களும் இத்தருக்கத்தையே தம்மையறியாமல் பின்பற்றுகின்றன.

பெரியாரின் பேச்சு ஈரோட்டு வழக்குமொழி. அண்ணாவின் மேடைமொழி அதற்கு நேர்மாறானது. எழுத்துத்தமிழின் ஈறுகளோடு, மோனைகளால் கோத்தது. எளிய மொழியே எளியோரை எட்டும் என்னும் விதி இங்குப் பொய்க்கிறது. 1949 செப்டம்பர் 18இல் இராபின்சன் பூங்காவில் மழைக்கும் கலையாத கூட்டம் கேட்டது அம்மொழியையே. இதனை விளக்க அழகியல் மட்டும் போதாது. கல்வி மறுக்கப்பட்டோர், கற்றோருக்கென ஒதுக்கப்பட்ட மொழியில் தாம் விளிக்கப்படுவதை மதிப்பாக உணர்ந்தனர் என்று கொள்வதே பொருந்தும். மோனை அடுத்த சொல்லை எதிர்பார்க்க வைக்கும். அதனைக் கேட்போர் தாமும் முன்கூட்டி அறிவர். கைதட்டலின் இடம் இருவருக்கும் தெரிந்த இடம்.

ஆனால் விளி மாறிற்று. 1955 முதல் திராவிட நாடு இதழில் அண்ணா எழுதிய மடல்கள் தம்பிக்கு என்று தொடங்கின; தோழருக்குப் பக்கத்தில் உறவுப்பெயர் வந்து அமர்ந்தது. தம்பி ஆண்பாற் சொல், இளையோனைக் குறிப்பது, அழைப்பவரை அண்ணனாக்குவது. அண்மை கூடியது, சமன்மை குறைந்தது. பின்னர் மு. கருணாநிதி கைக்கொண்ட உடன்பிறப்பு இலக்கணத்தில் பால்காட்டாத சொல். தம்பியில் விடுபட்ட பெண்ணுக்கு அதில் இடமுண்டு. பெரியாரிடத்தும் உறவுப்பெயர் முற்றும் மறையவில்லை. அச்சில் கிடைக்கும் அவரது பிற்கால உரைகள் பல, தோழர்களேக்கு முன் தாய்மார்களே என்னும் விளியோடு தொடங்குகின்றன. பிள்ளைப்பேறே பெண்ணின் அடிமைக்குக் காரணம் என எழுதியவர், எதிரில் அமர்ந்த பெண்களைத் தாய்மையின் பெயராலேயே அழைத்தார். தோழர் என்பதற்குள் தாமும் அடங்குவதை அன்றைய பெண்கள் ஏற்றிருக்கமாட்டார்கள் என அவர் கருதினாரா, அல்லது மேடையின் வழக்கம் அவரையும் மீறியதா என்பதற்கு, அவ்வுரைகளைக் கேட்ட பெண்களின் நினைவுக் குறிப்புகளிலேயே விடை தேட வேண்டும்.