தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி: பழுது பார்ப்பதா, விற்பதா?



பென்னாகரம் பக்கத்திலிருந்து பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். வீட்டில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. லைசென்ஸ் அப்பா பெயரில். அப்பா காலமாகி மூன்று மாதம் ஆகிறது. பழுது பார்த்துச் சுடும் நிலையில் வைக்க வேண்டும் என்கிறார் அண்ணன். இவருக்கு விற்றுவிட ஆசை. "நீங்க வரலாறு வாத்தியார், சொல்லுங்க சார்" என்றார். இன்னும் சில வீட்டுப் பரணில் இப்படி ஒன்று கிடக்கலாம் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

1878இல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். துப்பாக்கி வைத்திருக்க இந்தியருக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம். தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்த சட்டமும் அதே ஆண்டுதான். (இரண்டு மார்க் கேள்வி, நினைவிருக்கிறதா?) பத்திரிகைச் சட்டத்தை அடுத்து வந்த ரிப்பன் நீக்கினார். ஆயுதச் சட்டமோ, சுதந்திரம் வந்தும் 1959 சட்டம் நடைமுறைக்கு வரும் வரை நின்றது. குடகில் கொடவர்களுக்கு விலக்கு உண்டு, இன்றும். நமக்கு இல்லை. ஆக, கிராமத்து வீடொன்றில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் சர்க்கார் அவரை நம்பியது என்று அர்த்தம். குடும்பத்தில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கசப்பும் உண்டு.

காட்டோர நிலத்தில் அதற்கு வேலை இருந்தது. கேழ்வரகையும் நிலக்கடலையையும் பன்றியிடமிருந்து காக்க வேண்டுமே! கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளில் வரும் பென்னாகரம், ஒகேனக்கல் காடுகள்தான் இவை. அவர் கையில் ரைஃபிள். நம் விவசாயி கையில் ஈய ரவை சிதறும் பன்னிரண்டு போர். 1972 வனவிலங்குச் சட்டத்தோடு அந்தக் காலம் முடிந்தது. பிறகு தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பதும் திரும்ப வாங்குவதும்தான் மிச்சம்.

இனி அண்ணன் சொல்வதற்கு வருவோம். மாணவர் அனுப்பிய படத்தில் குழல் முழுக்கப் பாம்புத்தோல் மாதிரி வரி ஓடுகிறது. டமாஸ்கஸ் குழல். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கி, சுருளாகச் சுற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டியது. கருமருந்துக்காகச் செய்தது. இன்றைய தோட்டாவைப் போட்டால் முகத்தருகிலேயே வெடிக்கலாம். எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் வேண்டாம். குழலின் அடியில் உள்ள சோதனை முத்திரைகள் அழிந்துவிடும். அவைதான் அதன் பிறப்புச் சான்றிதழ்.

சட்டமும் அண்ணனுக்குச் சாதகமாக இல்லை. 1959 சட்டத்தின் 45ஆம் பிரிவு பழங்கால ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததாக அது இருக்க வேண்டும். சுட வைக்கலாம் என்றாலே லைசென்ஸ் தேவை. வாரிசு விண்ணப்பிக்கலாம், வழி உண்டு. ஆனால் அதுவரை வீட்டில் வைத்திருப்பது குற்றம். ஆகவே முதல் வேலையாக ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கச் சொன்னேன்.

என் ஓட்டு விற்பதற்கே. அந்த வீட்டில் இன்று காட்டுக் காவலும் இல்லை, துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவரும் இல்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், முன்பு மூன்று. வாங்குபவர் யோசிப்பார். தனிநபருக்கு விற்றால் 45 நாள் முன்பே கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

லைசென்ஸ் புத்தகத்தை ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தாத்தா கையெழுத்து அதில் இருக்கிறதாம்.